பல்லைப் பிடித்துப் பாராமல் வாங்கும் கார்

இலண்டனில் வாழும் நண்பர் ஒருவர் இணைய ஏலப் பக்கமொன்றின் முகவரியை அண்மையில் எனக்கு அனுப்பியிருந்தார். 1960களில் தயாரான மொறிஸ் மைனர். கூரையை மடிக்கக்கூடிய வகை. "யாழ்ப்பாணத்தில் அப்பாவிடம் நின்ற காரின் அதே நிறம். எவ்வளவுக்குக் கேட்கலாம்?" என்று வினவியிருந்தார். பக்கத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட படங்கள். பளபளக்கும் பச்சைப் பூச்சு, புதிய தோல் இருக்கைகள், மாலை வெயிலில் ஒரு கிராமத்துச் சாலை. வண்டியின் அடிப்பாகத்தைக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை.

தானமாகக் கிடைத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். ஆயிரக்கணக்கான பவுண் கொடுத்து வாங்குவதையும் பார்க்கக் கூடாதா? படத்தைக் கொண்டு வண்டியின் நிலையையும், பிறர் கேட்ட தொகையைக் கொண்டு அதன் பெறுமதியையும் தீர்மானிக்க இணைய ஏலங்கள் நம்மைப் பழக்கிவிட்டன. இரண்டுமே தவறு.

நிலையை முதலில் எடுத்துக்கொள்வோம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனருக்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது. உடற்பகுதியே பாரத்தைத் தாங்குகிறது. ஆகவே இதில் கறள் என்பது அழகைப் பற்றிய பிரச்சினையன்று, உயிரைப் பற்றிய பிரச்சினை. கதவுகளின் கீழேயுள்ள பெட்டிப் பகுதிகள், அடியிலுள்ள குறுக்குச் சட்டம், பின்புற வில்தகடுகள் பொருந்தும் இடங்கள் ஆகியவை உக்கிப்போவது வழக்கம். முன் சக்கரத்தைத் தாங்கும் மூட்டுக்கு ஒழுங்காகக் கிறீஸ் இடாவிட்டால், ஓட்டத்திலேயே சக்கரம் மடிந்துவிடும். இவற்றில் எதையும் மாலை வெயில் காட்டாது. அடியில் புதிதாகத் தடிப்பாகப் பூசப்பட்ட கறுப்புப் பூச்சுக்கூட உக்கலை மறைக்கப் பூசியதாக இருக்கலாம்.

கூரை மடிக்கும் வகைக்கு விலை கூடுதல் என்பதால், சாதாரண மைனரின் கூரையை வெட்டி எடுத்தவையும் சந்தைக்கு வருகின்றன. 1960களின் வண்டிகளில் இவ்வகைக்குரிய தொழிற்சாலைக் குறியீட்டில் 'ரி' என்ற எழுத்து இருக்கும். தகட்டை மாற்றியிருக்கலாமே என்ற ஐயம் எழுந்தால், கேய்டனிலுள்ள பிரித்தானிய மோட்டார் அருங்காட்சியகம் தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்துச் சான்றிதழ் வழங்குகிறது. நண்பர் அனுப்பிய பக்கத்தில் தகடும் இல்லை, சான்றிதழும் இல்லை.

மைல்மானியில் ஐந்து இலக்கங்களே உண்டு. 36,000 என்று அது காட்டினால், உண்மை 1,36,000 ஆகவும் இருக்கலாம். எம்.ஓ.ரி. எனப்படும் ஆண்டுச் சோதனையின் பதிவுகளை 2005 முதல் அரச இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஆனால் 2018 மே மாதத்திலிருந்து, பெரிதாக மாற்றியமைக்கப்படாத 40 ஆண்டு கடந்த கார்களுக்கு அச்சோதனை கட்டாயமில்லை. "விலக்களிக்கப்பட்டது" என்று விற்பவர்கள் பெருமையாக எழுதுகிறார்கள். விலக்கு, தகுதிச் சான்று ஆகாது. விலக்கிருந்தும் விரும்பிச் சோதனைக்குக் கொடுத்தவரையே நான் நம்புவேன்.

இனி விலை. ஏலத்தில் விழுந்த தொகை, அன்றைக்கு இருவர் விட்டுக்கொடாமல் மோதினார்கள் என்பதை மட்டுமே சொல்கிறது. இதில் எங்கள் பத்திரிகைத் தொழிலுக்கும் பங்குண்டு. 2022 மே மாதத்தில் மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். ஊலன்ஹவுட் கூபே 135 மில்லியன் யூரோவுக்கு விற்பனையானதை உலகமே தலைப்பாக்கியது. அவ்வகையில் செய்யப்பட்டவை இரண்டே இரண்டு. அதுவரை தயாரித்த நிறுவனமே வைத்திருந்தது. மொறிஸ் மைனரோ 16 இலட்சத்துக்கும் மேல் தயாரானது. விற்காமல் திரும்பிய வண்டிகளை நாங்கள் செய்தியாக்குவதில்லை. அதனால் பழையதெல்லாம் பொன் என்ற மயக்கம் பரவுகிறது.

நம்மவர்களுக்கு இன்னொரு மயக்கமும் உண்டு. அது ஊர் நினைவு. 1990களில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரினையும் மொறிஸையும் பெற்றோலில் முடுக்கி, மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பூச்சு மங்கிய அந்த வண்டிகளைக் காப்பாற்றியவர்கள் கராஜ்காரர்கள். அவர்கள் சாக்கை விரித்து வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறந்தார்கள். அந்தக் காலத்தை நினைத்து ஏலம் கேட்பவர்கள், அந்த வழக்கத்தை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

நண்பருக்கு நான் விலை எதுவும் சொல்லவில்லை. "வண்டியை உயர்த்தி அடிப்பாகத்தைப் படமெடுத்து அனுப்பும்படி கேளுங்கள். மைனரை அறிந்த ஒருவரை நேரில் அனுப்பிப் பார்க்கலாமா என்றும் கேளுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்" என்று எழுதினேன். ஏலம் முடிய அப்போது நான்கு நாட்கள் இருந்தன. முடியும்வரை படமும் வரவில்லை, பதிலும் வரவில்லை. நண்பர் ஏலம் கேட்கவில்லை. வேறு யாரோ கேட்டு வாங்கிவிட்டார்கள். அவர் அந்தக் காரை இனித்தான் அடியில் படுத்துப் பார்ப்பார்.