எய்ட்ஸ் தடுப்பு: மருந்து எட்டிய தாராவிக்குச் சட்டம் எட்டியதா?

புது தில்லி: இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் ஒவ்வொரு 100 பேரிலும் 81 பேருக்கே தமக்குத் தொற்று இருப்பது தெரியும். அவ்வாறு தெரிந்தவர்களில் 88 சதவீதத்தினர் சிகிச்சை பெறுகின்றனர். சிகிச்சை பெறுவோரில் 97 சதவீதத்தினரின் உடலில் கிருமி கட்டுக்குள் வந்துவிட்டது. 2023-24-ம் ஆண்டு நிலவரமாக மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட கணக்கு இது.

இந்த மூன்று எண்களையும் தனித்தனியே பார்த்தால் நிறைவளிப்பவையாகத் தோன்றும். ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தால்தான் உண்மை நிலை புலப்படும். நூறு பேரில் 81 பேர் தம் நிலையை அறிகின்றனர். ஏறத்தாழ 71 பேர் மருந்து உண்கின்றனர். 69 பேரிடம் கிருமி கட்டுப்படுகிறது. அதாவது, மருந்து உண்டும் கிருமி கட்டுக்குள் வராதோர் இருவர் மட்டுமே. மருந்தை வந்தடையாமலே விடுபட்டுப் போவோர் 29 பேர்.

இந்த 29 பேர் ஏன் வரவில்லை என்பதே இன்று தில்லியில் கேட்கப்பட வேண்டிய கேள்வி. மருந்து இல்லாததுதான் காரணம் என்று இனிச் சொல்ல முடியாது. இடம்பெயர்ந்து வாழும் நிலை, அறியாமை, இவை எல்லாவற்றுக்கும் மேலாக "வெளியே தெரிந்துவிட்டால் என்ன ஆகும்' என்ற அச்சம் ஆகியவையே முதன்மைக் காரணங்கள். அந்த அச்சத்தைப் போக்கவே நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அச்சட்டம் மக்களைச் சென்றடைந்ததா என்பதை அறிய, நூற்றாண்டுக்கும் மேலாகத் தமிழர்கள் வாழ்ந்துவரும் மும்பையைப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும். தொற்றுடன் வாழ்வோரின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடத்தில் உள்ள மாநிலம் மகாராஷ்டிரம் என்பது குறிப்பிடத்தக்கது.

ரயிலேற்றி அனுப்பிய காலம்: இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் 1986-ம் ஆண்டு சென்னையில் கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் திரட்டிய ரத்த மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டபோது அது தெரியவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மும்பையின் சிவப்பு விளக்குப் பகுதிகளே நோயின் உறைவிடமாகப் பேசப்பட்டன. 1990-ம் ஆண்டில் அங்கிருந்து எண்ணூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பெண்கள் மீட்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டு, தனி ரயிலில் சென்னைக்கு அனுப்பிவைக்கப்பட்டனர். அந்த ரயிலுக்கு "முக்தி எக்ஸ்பிரஸ்' என்று பெயரிடப்பட்டது.

அதே ஆண்டு, தொற்று இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தமிழக அரசுக் காப்பகத்தில் அடைத்து வைக்கப்பட்டிருந்த பெண்களை விடுவிக்குமாறு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நோயைத் தடுப்பதும் நோயாளியைத் தடுத்து வைப்பதும் ஒன்றல்ல என்பதை உணர்த்திய முதல் உத்தரவுகளில் அதுவும் ஒன்று.

1997-ல் மும்பை உயர் நீதிமன்றம் இன்னொரு படி முன்னேறியது. எச்.ஐ.வி. தொற்று இருந்ததற்காகப் பொதுத்துறை நிறுவனம் ஒன்று தற்காலிகத் தொழிலாளி ஒருவருக்கு வேலை தர மறுத்தது. உடல் தகுதியுடன் இருப்பவருக்கும், உடன் பணிபுரிவோருக்கு ஆபத்து விளைவிக்காதவருக்கும் தொற்றைக் காட்டி வேலை மறுப்பது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தம் பெயரை வெளியிடாமல் வழக்கு நடத்தவும் அவருக்கு அனுமதி அளிக்கப்பட்டது. பெயர் வெளிவராது என்ற உறுதி இருந்ததால்தான் அவரால் நீதிமன்றப் படியேற முடிந்தது என்பதை மறந்துவிடலாகாது.

மருந்து வந்த வழி: சட்டத்துறையில் மட்டுமன்றி மருத்துவத்திலும் மும்பைக்குப் பெரும் பங்கு உண்டு. கூட்டு மருந்துச் சிகிச்சைக்கு ஓர் ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் செலவான காலத்தில், 2001 பிப்ரவரியில், மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட சிப்லா நிறுவனம் அதே மருந்துகளை ஆண்டுக்கு 350 டாலருக்கு, அதாவது நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவாக, மருத்துவத் தொண்டு நிறுவனத்துக்குத் தர முன்வந்தது. ஏழை நாடுகளில் எய்ட்ஸ் சிகிச்சை சாத்தியமே இல்லை என்ற வாதம் அத்துடன் வலுவிழந்தது.

2004 ஏப்ரல் 1-ம் தேதி, ஏ.ஆர்.டி. எனப்படும் கூட்டு மருந்துச் சிகிச்சையை மத்திய அரசு எட்டு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தொடங்கியது. அவற்றில் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையும் தாம்பரம் காசநோய் மருத்துவமனையும் அடங்கும். நோய் எதிர்ப்பாற்றல் குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த பிறகே மருந்து என்ற பழைய விதி 2017 ஏப்ரலில் கைவிடப்பட்டது. தொற்று உறுதியானவுடன் சிகிச்சை என்பதே இன்றைய விதி. டொலுடெக்ரவிர் அடங்கிய கூட்டு மருந்து, பெரும்பாலானோருக்கு நாளொன்றுக்கு ஒரே மாத்திரையாக வழங்கப்படுகிறது. தாராவியை ஒட்டியுள்ள சயான் மருத்துவமனையிலும் ஏ.ஆர்.டி. மையம் செயல்படுகிறது.

இச்சிகிச்சை நோயாளியை மட்டும் காப்பதில்லை. சென்னை, புணே உள்ளிட்ட நகரங்களும் இடம்பெற, ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதியரிடையே நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2011-ல் வெளியானது. தொற்றுள்ளவர் முன்கூட்டியே மருந்து உண்ணத் தொடங்கினால், துணைவருக்குத் தொற்று பரவும் வாய்ப்பு 96 சதவீதம் குறைகிறது என்று அது காட்டியது. பரிசோதனையில் கண்டறிய முடியாத அளவுக்குக் கிருமி குறைந்துவிட்டால், பாலுறவு மூலம் அது பிறருக்குப் பரவுவதில்லை என்பதை உலக சுகாதார நிறுவனமும் ஏற்றுக்கொண்டுள்ளது. ஆக, மருந்தை வந்தடையாத 29 பேரின் இழப்பு அவர்களுடைய இழப்பு மட்டுமன்று. தடுப்பு முயற்சியின் இழப்பும் ஆகும்.

அறிய வேண்டியவை: எச்.ஐ.வி. பரவும் வழிகள் நான்கே. பாதுகாப்பற்ற பாலுறவு, தொற்றுள்ள ரத்தம், பலரும் பகிரும் ஊசி, தாயிடமிருந்து குழந்தை. தொடுவதாலோ, ஒன்றாக உண்பதாலோ, பொதுக் கழிப்பறையாலோ, கொசுக் கடியாலோ பரவுவதில்லை. ஆணுறை இன்றளவும் எளிய, உறுதியான பாதுகாப்பு. தொற்றுக்கு ஆளாகும் நிலை ஏற்பட்டுவிட்டால், 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் உண்ண வேண்டும். விரைந்து தொடங்குவதே நல்லது.

கருவுற்ற தாய்க்குச் சிகிச்சை இல்லையெனில் குழந்தைக்குத் தொற்று ஏற்படும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம் வரை உண்டு. உரிய சிகிச்சை இருந்தால் அதை 5 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவரலாம். மருந்தைத் தவறவிடாமல் உண்பதும், காசநோய் உள்ளதா என்று அவ்வப்போது சோதித்துக்கொள்வதும், ரத்தத்தில் உள்ள கிருமியின் அளவை மருத்துவர் சொல்லும் கால இடைவெளியில் பார்த்துக்கொள்வதும் தொற்றுடன் வாழ்வோர் கைக்கொள்ள வேண்டியவை. தொடக்கத்திலேயே சிகிச்சைக்கு வந்து, அதைத் தொடர்பவர்கள் ஏனையோரைப் போல ஏறத்தாழ முழு ஆயுளும் வாழ முடியும். வேலை, திருமணம், குழந்தைப்பேறு எதுவும் அவர்களுக்கு எட்டாதவை அல்ல. கட்டணமில்லாத் தேசிய உதவி எண் 1097.

சட்டம் சொல்வது என்ன?: எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017 ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால், அது நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10-ம் தேதிதான். வேலை, கல்வி, மருத்துவம், குடியிருப்பு ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதை அச்சட்டம் தடை செய்கிறது. விளக்கம் அளித்து ஒப்புதல் பெறாமல் பரிசோதனை செய்யக் கூடாது. ஒருவரின் நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடக் கூடாது. 18 வயதுக்குட்பட்டோரை வீட்டிலிருந்து வெளியேற்ற முடியாது. 100 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களிலும், 20 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் மருத்துவ நிலையங்களிலும் புகார் அலுவலர் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாநிலத்திலும் ஓம்பட்ஸ்மேன் எனப்படும் குறைதீர்ப்பாளர் இருக்க வேண்டும். அவர் 30 நாளுக்குள், அவசர மருத்துவத் தேவையெனில் 24 மணி நேரத்துக்குள், முடிவு செய்ய வேண்டும்.

எழுத்தில் இச்சட்டம் வலுவானது. ஆனால், சிகிச்சை அளிக்கும் கடமையை "இயன்ற வரையில்' என்ற சொல்லால் அரசு தளர்த்திக்கொண்டது என்ற குறையும் தொடக்கம் முதலே உண்டு. அந்தக் குறை வெறும் சொல்லாய்வு அல்ல என்பதை 2022 ஜூலையில் தில்லி கண்டது. மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்டித்து, தொற்றுடன் வாழ்வோர் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகம் முன்பு ஒரு மாதத்துக்கும் மேல் போராட்டம் நடத்தினர். 2023 செப்டம்பரில், ராணுவ மருத்துவமனையில் ரத்தம் ஏற்றியதால் தொற்றுக்கு ஆளான விமானப் படை வீரர் ஒருவருக்கு ரூ. 1.54 கோடிக்கும் அதிகமான இழப்பீடு வழங்க உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2017-ம் ஆண்டுச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதற்கான வழிகாட்டுதல்களையும் பிறப்பித்தது. நடைமுறைக்கு வந்து ஐந்து ஆண்டுகளான ஒரு சட்டத்துக்கு நீதிமன்றம் இவ்வாறு நினைவூட்ட வேண்டியிருந்தது.

மூன்று பகுதிகள், ஒரே அச்சம்: திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவியில் தோல் பட்டறையிலோ உணவுத் தொழிலிலோ நாட்கூலிக்கு உழைப்பவரை எண்ணிப் பாருங்கள். பரிசோதனைக்குச் சென்றால் ஒரு நாள் கூலி போகும். தமிழ்நாட்டில் "நம்பிக்கை மையம்' என்று அவர் அறிந்த இடம், மும்பையில் "ஐ.சி.டி.சி.' என்ற எழுத்துகளுக்குள் மறைந்துவிடுகிறது. ஒரே அறையில் குடும்பமே வாழும் இடத்தில் மாத்திரைப் புட்டியை மறைக்க இடமில்லை. செய்தி சந்து முழுவதும் பரவினால் அது சொந்த ஊருக்கும் போய்ச் சேரும் என்பதை அவர் அறிவார்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நடுத்தர வர்க்கத் தமிழரின் நிலை வேறு. அவருக்குக் கூலி போகும் கவலையில்லை. தனியார் ஆய்வகமும் மருத்துவரும் அருகிலேயே உள்ளனர். ஆனால், மகளின் திருமணப் பேச்சு, வீட்டுவசதிச் சங்கத்தின் அண்டை வீட்டார், அலுவலகத்தின் மருத்துவப் பரிசோதனை ஆகியவை அவரையும் அதே மௌனத்தில் ஆழ்த்துகின்றன. இது ஏழைகளின் நோய் என்ற எண்ணமே அவரைப் பரிசோதனைக்குப் போகவிடாமல் தடுக்கிறது. வருமானம் வேறுபட்டாலும் அச்சம் வேறுபடவில்லை. இந்த இருவருக்கும் ஒரே சட்டம் பாதுகாப்பளிக்கிறது. அந்தச் சட்டம் இருப்பதும், குறைதீர்ப்பாளரிடம் பெயர் வெளிவராமல் முறையிடலாம் என்பதும் இவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தாராவி மறுசீரமைப்புத் திட்டம் இன்னொரு கவலையைச் சேர்க்கிறது. அங்கேயே வீடு பெறத் தகுதியில்லாதோர் நகரின் வேறு பகுதிகளுக்கு மாற்றப்படுவர் என்பது திட்டத்தின் ஓர் அங்கம். வாழ்நாள் முழுவதும் மருந்து உண்ண வேண்டியவர் இடம் மாறும்போது, அவருடைய சிகிச்சைப் பதிவும் மருந்தும் உடன் மாற வேண்டும். ஒரு மையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி விதிகளில் உள்ளது. அதைச் சொல்லித் தருவோர் வேண்டும்.

செய்ய வேண்டியது: 2021 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான ஐந்தாம் கட்டத் தேசியத் திட்டத்துக்கு மத்திய அரசு ரூ. 15,471.94 கோடி ஒதுக்கியது. பணமே இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆண்டுக்கு இருமுறை மட்டும் போட்டுக்கொள்ளும் லெனகாபவிர் தடுப்பு ஊசி மருந்தை 2027 முதல் ஆண்டுக்கு ஏறத்தாழ 40 டாலருக்குத் தர இந்திய நிறுவனங்கள் 2025-ல் முன்வந்துள்ளன. ஆனால், பரிசோதனைக்கே வர அஞ்சுவோருக்கு எந்தப் புதிய மருந்தும் பயன்படாது.

எனவே, மருந்துக்குச் செலவிடும் அக்கறையில் ஒரு பங்கையேனும் சட்டத்தை மக்களிடம் கொண்டு செல்வதில் அரசு காட்ட வேண்டும். குறைதீர்ப்பாளரின் பெயரும் முகவரியும் ஒவ்வொரு ஏ.ஆர்.டி. மையத்தின் வாயிலிலும் இருக்க வேண்டும். தாராவியில் அது தமிழிலும் இருக்க வேண்டும். எத்தனை முறையீடுகள் வந்தன, எத்தனை தீர்ந்தன என்பதை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். தமிழ்நாட்டு உறுப்பினர்கள் இக்கேள்வியை அவையில் எழுப்பலாம். மும்பைத் தமிழ் அமைப்புகளும் கோயில் மன்றங்களும் தங்கள் மேடைகளில் இதைப் பேசலாம்.

மும்பை மாவட்டங்கள் எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் அலுவலகம் வடாலாவில் உள்ள ஆக்வர்த் தொழுநோய் மருத்துவமனை வளாகத்தில் அமைந்தது. 1890-ல் மாட்டுங்கா தொழுநோயாளர் இல்லமாகத் தொடங்கப்பட்ட இடம் அது. தொழுநோய்க்கு மருந்து வந்து பல பத்தாண்டுகளாகியும், நோயாளிகளைப் பிரித்து வைக்கும் எண்ணம் சமுதாயத்தை விட்டு முழுமையாக அகலவில்லை. எச்.ஐ.வி.க்கும் அந்த நிலை வரக் கூடாது. மருந்து தன் கடமையைச் செய்துவிட்டது. மீதமுள்ள 29 பேரை அழைத்து வருவது அரசின் கடமை. அவர்கள் அஞ்சாமல் வரும்படி நடந்துகொள்வது நம் கடமை.