வாயால் சொன்னால் வந்துவிடுமா?

நம் நாட்டில் சில வார்த்தைகளை வாயால் சொல்லக் கூடாது என்பதாக ஒரு வழக்கம் இருந்து வருகின்றது. இரவில் பாம்பைப் பாம்பென்னாமல் பூச்சி என்பார்கள். விளக்கை அணை என்னாமல் குளிர வை என்பார்கள். வீட்டைவிட்டுக் கிளம்புகிறவன் போகிறேன் என்னாமல் வருகிறேன் என்றுதான் சொல்ல வேண்டும். இவைகளால் யாருக்கும் நஷ்டமில்லை, சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இதே மூடநம்பிக்கை பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து, "சாவைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசாதே, பேசினால் அந்த எண்ணம் வந்துவிடும்" என்று படித்தவர் வாயாலேயே சொல்லப்படும்போது, அது சிரிக்கிற விஷயமாய் இருப்பதில்லை.

2022-ஆம் வருஷத்தில் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர் என்றும், அவர்களில் மாணவர்கள் 13,044 பேர் என்றும் சர்க்காரே கணக்குக் கொடுத்திருக்கின்றது. நாள் ஒன்றுக்கு 35 பிள்ளைகளுக்குக் குறையவில்லை. பரீட்சையில் தோற்றதே காரணமென்று 2,248 சாவுகளுக்கு எழுதியிருக்கின்றார்கள். ஒரு சாவுக்கு ஒரு காரணம் என்பது போலீஸ் பதிவேட்டுக்குச் சரி. உயிரோடிருக்கும் பிள்ளைக்கோ பரீட்சை, வீட்டுச் சண்டை, வகுப்பில் பட்ட அவமானம், ஜாதிப் பேரால் கேட்ட ஏச்சு, யாரும் கண்டுகொள்ளாத மனநோய் ஆகிய எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்கின்றன.

இப்படி ஒரு பிள்ளை இறந்தவுடன் வைதீகர் தலைவிதி என்கின்றார். ஜோசியர் அஷ்டமத்துச் சனி என்கின்றார். வாத்தியார் "பையனுக்கு மனத்திடம் போதாது" என்கின்றார். இம்மூவரும் வேறு வேறு பேசுவதாகத் தோன்றினாலும் மூவர் பேச்சுக்கும் அர்த்தம் ஒன்றுதான். அதாவது, பள்ளிக்கூடம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, செய்ய வேண்டியதும் ஒன்றுமில்லை என்பதேயாகும்.

உண்மை என்ன? இவ்விஷயத்தைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்த வைத்தியர்கள், கேட்பதனால் அந்த எண்ணம் உண்டாவதில்லை என்று கண்டிருக்கின்றார்கள். முகம் வாடி, சாப்பாடு தூக்கம் கெட்டு, கூட்டாளிகளை விட்டு ஒதுங்கி, தன் அருமைப் பொருள்களை எல்லாம் பிறருக்குக் கொடுத்துவிடும் பிள்ளையைத் தனியே உட்காரவைத்து, "செத்துப் போகலாம் என்று உனக்குத் தோன்றுகின்றதா?" என்று நேராகவே கேட்கலாம். அப்படிக் கேட்கப்பட்ட பலருக்கு, நம்மைக் கேட்கவும் ஓர் ஆள் இருக்கின்றதே என்று பாரம் குறைகின்றது. ஆம் என்று பதில் வந்தால் உபதேசம் செய்யாமல் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். தனியே விடக் கூடாது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யக் கூடாது. பெற்றோரிடமோ, பயம் பெற்றோரிடமே என்றால் அப்பிள்ளை நம்பும் வேறு பெரியவரிடமோ சொல்லி வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். இதற்கு எந்த மந்திரமும் வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் 10 தேசங்களில் 168 பள்ளிக்கூடங்களைச் சேர்ந்த 11,000-க்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் இதைச் சோதித்துப் பார்த்து 2015-இல் முடிவை வெளியிட்டார்கள். சில பள்ளிகளில் வாத்தியார்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். சிலவற்றில் கேள்வித்தாள் கொடுத்து ஆபத்திலிருக்கும் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தார்கள். இன்னும் சிலவற்றில் பிள்ளைகளையே கூட்டிவைத்து, துக்கம், அவமானம், நண்பனுக்குக் கஷ்டம் வந்தால் செய்ய வேண்டியது முதலியவைகளைப் பற்றித் தாங்களே பேசவும் நடித்துப் பார்க்கவும் சில மணிநேரம் விட்டார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, சுவரில் விளம்பரம் மட்டும் ஒட்டிய பள்ளிகளைவிடப் பிள்ளைகள் பேசிய பள்ளிகளில் தற்கொலை முயற்சி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. மற்ற இரண்டு வழிகளிலும் அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை.

நம் வகுப்பறையில் பிள்ளை முதலில் கற்றுக்கொள்ளும் பாடமோ "வாயில் விரலை வை" என்பது. பத்து வருஷம் வாயில் விரலை வைத்திருந்த பிள்ளை, ஒரு நாள் திடீரென்று தன் வேதனையை வாய்விட்டுச் சொல்லும் என்று எதிர்பார்ப்பது யாருடைய புத்தி என்று கேட்கின்றோம்.

ஏற்பாட்டை மாற்றினால் உயிர் தப்பும் என்பதற்கு வெளிதேசம் வரையில் போக வேண்டியதுமில்லை. தோற்ற பிள்ளை ஒரு வருஷம் வீட்டில் முடங்காமல் அதே பருவத்தில் மறுபடி எழுதும் துணைத்தேர்வு நம் நாட்டில் நடக்கின்றது. இதற்காக வாதாடியவர்களில் சென்னையில் 1986-இல் ஏற்பட்ட ஸ்நேகா என்னும் ஸ்தாபனமும் ஒன்று. மாநிலத்தில் முதலிடம், இரண்டாமிடம் என்று தண்டோராப் போடுவதை நம் கல்வி இலாகா 2017-இல் நிறுத்திற்று. இவைகளுக்கு எந்தத் தெய்வத்துக்கும் நேர்ந்துகொள்ளவில்லை.

நிற்க, இறந்த பின் நடப்பது இன்னும் மோசம். நாம் அறிந்த ஓர் ஊரில், மாணவி ஒருத்தி இறந்ததும் ஆவி சுற்றுகின்றதென்று வகுப்பறையைப் பூட்டிப் புரோகிதரை அழைத்துச் சாந்தி செய்தார்கள். புரோகிதர் தட்சணை வாங்கிக்கொண்டு போனார். அவள் பக்கத்தில் மூன்று வருஷம் உட்கார்ந்திருந்த சிநேகிதியிடம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. "அன்றைக்கு நான் கோபமாய்ப் பேசினேனே, அதனால்தானோ" என்று அவள் ஆறு மாதம் தனக்குள்ளேயே புழுங்கிக் கிடந்தாள்.

செய்ய வேண்டியது என்ன? பள்ளி முழுவதையும் வெயிலில் நிறுத்தி ஒலிபெருக்கியில் சொல்லாமல், ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளைகள் அறிந்த வாத்தியார் போய் உண்மையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். எப்படி நடந்தது என்று விவரிக்கக் கூடாது. அழுகிற பிள்ளையை அழவிட வேண்டும். நெருங்கிய நண்பர்கள், உடன்பிறந்தவர்கள், ஏற்கெனவே வேதனையிலிருப்பவர்கள் ஆகியவர்களைத் தேடிப்போய்ப் பேச வேண்டும். ஒருவர் சாவு மற்றவர்களையும் இழுப்பது உண்டு. அது ஆவியின் வேலையல்ல, துக்கத்தின் வேலை. ஆதலால் ஒரு வாரத்தோடு விடாமல், பரீட்சை நாளிலும் வருஷம் திரும்பும் நாளிலும் கவனிக்க வேண்டும். அந்த வாத்தியாருக்கும் துக்கம் உண்டு என்பதை ஏனோ ஒருவரும் நினைப்பதில்லை.

"அப்படியானால் பேசுவது ஆபத்துத்தானே?" என்று சிலர் கேட்கலாம். கேட்டு விசாரிப்பது வேறு, கொண்டாடுவது வேறு. வியன்னா நகரத்துப் பத்திரிகைகள் இத்தகைய சாவுகளைப் படத்தோடும் விவரத்தோடும் பெரிதாக்குவதை 1987-இல் நிறுத்திக்கொண்ட பிறகு, அங்கு அவ்வகைச் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. இதை நம் தோழர்களுக்கும் சேர்த்தே சொல்லுகின்றோம். 2017-இல் 1200-க்கு 1176 மார்க்கு வாங்கிய அரியலூர் ஜில்லாப் பெண் நீட் தேர்வினால் வைத்தியப் படிப்புக் கிடைக்காமல் இறந்தபோது நாடே கொதித்தது நியாயம். அந்தத் தேர்வை எதிர்ப்பதும் நியாயம். ஆனால் மேடையில் சாவைத் தியாகம் என்று புகழும்போது, கூட்டத்தில் நிற்கும் இன்னொரு பெண்ணின் காதில் அது எப்படி விழும் என்று யோசித்தோமா? அவள் உயிரோடிருந்து படித்து வாதாடுவதையே நாம் பெருமையென்று பேச வேண்டும்.

முயன்று பிழைத்தவனைக் குற்றவாளியாக்கிய 1860-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்தில் இல்லை. போலீசுக்குப் பயந்து ஆஸ்பத்திரியில் பொய் சொல்லும் பெற்றோருக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

2025 ஜூலை 25-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்விச்சாலைகளில் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டுமென்றும், மார்க்கை வைத்துப் பிள்ளைகளைத் தனி வகுப்பாய்ப் பிரிக்கக் கூடாதென்றும், ஊழியர்களுக்கு வருஷத்தில் இரண்டு தடவையாவது பயிற்சி கொடுக்க வேண்டுமென்றும் சொல்லியிருக்கின்றது. உங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போய், ஆலோசகர் யார், எந்தக் கிழமை வருகின்றார், பிள்ளைகள் அவரைத் தனியே பார்க்க இடம் எது என்று கேளுங்கள். இரவும் பகலும் இலவசமாய்ப் பேசக்கூடிய 14416, 104 ஆகிய டெலிபோன் நம்பர்களை எழுதச் சொல்லுங்கள். தலைமை ஆசிரியர் அறையிலல்ல, பிள்ளைகள் தண்ணீர் குடிக்கும் இடத்துச் சுவரில்.