'பீப்' சத்தம் போதாது

"காசு குடுத்தா கராஜ்காரன் செய்வான், நீ போய்ப் படி." பழைய காரின் வயர்களை வீட்டிலேயே மாற்றப் போகிறேன் என்றால் எங்கள் வீடுகளில் வரும் பதில் இதுதான். நான் எதிர்க்கட்சி. பொறியியலில் முதுகலை முடித்து, கிழமை நாட்களில் கணினி ஆலோசகராக வேலை செய்யும் நான், சனிக்கிழமைகளில் ஹரோவில் ஒரு நண்பரின் மொறிஸ் மைனருக்குப் புது வயர் போட உதவுகிறேன். நீங்களும் செய்யலாம். ஆனால் போட்டதைச் சோதிக்கத் தெரியாவிட்டால் தொடாதீர்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? 1948 முதல் 1971 வரை வந்த இந்தக் காரில் இருப்பது இரண்டே இரண்டு பியூஸ். முன்விளக்குகளுக்குப் பியூஸே கிடையாது. அதோடு, 2018 மே மாதத்திலிருந்து, பெரிய மாற்றம் செய்யப்படாத 40 வயது தாண்டிய கார்களுக்கு ஆண்டுதோறும் எடுக்கும் எம்ஓடி சோதனை கட்டாயம் இல்லை. சலுகை நல்லதுதான். ஆனால் உங்கள் வேலையைப் பார்த்துப் பிழை சொல்ல வேறு ஒருவர் இல்லை என்பதும் அதற்குள் இருக்கிறது.

அநேகமானோர் மல்ரிமீற்றரை வயரின் இரண்டு முனையிலும் வைப்பார்கள். 'பீப்' என்றதும் முடிந்தது என்பார்கள். பல இழைகள் உள்ள வயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மீற்றர் 'பீப்' என்றுதான் சொல்லும். ஒழுங்கையில் ஒரு சைக்கிள் போனது என்பதற்காக லொறியும் போகும் என்று சொல்ல முடியுமா?

கணக்கைப் பாருங்கள். 12 வோல்ற்றில் எரியும் 60 வாற் விளக்கு 5 அம்பியர் இழுக்கும். வழியில் ஒரு துருப்பிடித்த இணைப்பு வெறும் 0.4 ஓம் தடை கொடுத்தால், விளக்குக்குக் கிடைப்பது 10.3 வோல்ற் அளவுதான். வெளிச்சம் ஏறத்தாழ 40 சதவீதம் குறையும். குறைந்த மின்சக்தியில் 7 வாற் அந்தச் சின்ன இணைப்பிலேயே வெப்பமாகும். தீ தொடங்குவது இப்படியான இடங்களில்தான்.

ஆகவே விளக்கை எரியவிட்டுச் சோதியுங்கள். மீற்றரின் ஒரு முனை பற்றரியில், மறுமுனை விளக்கின் அதே பக்க இணைப்பில். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ கோளாறு. பிறகு காரின் உடல் வழியாகத் திரும்பும் பாதையையும் அதேபோல அளவுங்கள். அநேகமான கோளாறுகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது பற்றரியை நேரே பூட்டாதீர்கள். இடையில் ஒரு 21 வாற் பல்பைத் தொடராகப் போடுங்கள். எங்காவது ஷோட் இருந்தால் பல்ப் பளிச்சென்று எரியும். 2 அம்பியருக்கு மேல் போகாது, வயர் தப்பும். காப்பு, மோதிரம், சங்கிலி எல்லாம் கழற்றி வைத்துவிடுங்கள். 12 வோல்ற் உங்களுக்கு அதிர்ச்சி தராது. ஆனால் பற்றரி முனையில் பட்ட தங்க மோதிரம் விரலைச் சுட்டுவிடும்.

இன்னொன்று: மைனரில் பற்றரியின் நேர்முனைதான் காரின் உடலோடு சேர்ந்திருக்கும். இன்றைய கார்களில் மறுபக்கம். இது தெரியாமல் புது ரேடியோ பூட்டினால் ரேடியோ போய்விடும். வயரின் நிறங்களையும் படியுங்கள்: பழுப்பு எப்போதும் உயிரோடு இருக்கும், வெள்ளை சாவி திருப்பினால் உயிர்க்கும், பச்சை பியூஸைத் தாண்டி வரும், கறுப்பு உடலுக்குப் போகும்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில், பெற்றோலில் இயந்திரத்தைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் பழைய கார்களை ஓட்டினார்கள். உதிரிப்பாகம் இல்லை, கராஜுக்குக் கொடுக்கக் காசும் இல்லை. எங்கள் ஆட்களுக்குக் கைவேலை வராது என்று யாரும் சொன்னால் இதைச் சொல்லுங்கள். படிப்பும் கைவேலையும் எதிரிகள் இல்லை. ஓமின் விதி பாடப் புத்தகத்துக்குள் மட்டும் இருந்தால் அது பரீட்சைக்குத்தான் உதவும்.

ஒரு கொப்பி வாங்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் அளந்த வோல்ற்றை எழுதி, காருக்குள்ளேயே வையுங்கள். நாளைக்கு அந்தக் காரைத் திறப்பவர் ஊகிக்கத் தேவையில்லை.