எந்தக் கதவைத் தட்டுகிறோம்?

டெல்டா பகுதியில் ஓர் ஊர். நகராட்சி வாய்க்கால் அடைத்துக்கொண்டு மழைநீர் தேங்கியதில் கபரஸ்தானின் பின்பக்கச் சுவர் இடிந்து விழுந்துவிட்டது. ஆடு மாடுகள் கபர்களை மிதித்துத் திரிகின்றன. ஜமாஅத்தார் கூடினார்கள். இளைஞர்கள் கொதித்தார்கள். ஜும்ஆவுக்குப் பின் வாசலில் நின்று கையெழுத்து வாங்கி, "பாரதப் பிரதமர் அவர்களுக்கு" என்று தலைப்பிட்டுப் பதிவுத் தபாலில் டெல்லிக்கு அனுப்பினார்கள். பயான் செய்யப் போயிருந்த என்னிடம் முத்தவல்லி அந்த ரசீதை எடுத்துக் காட்டினார். முகத்தில் அப்படியொரு பெருமை!

ஏழு மாதம் கழித்து மறுபடியும் அதே ஊருக்குப் போனேன். மனு டெல்லியிலிருந்து சென்னைக்கு வந்து, சென்னையிலிருந்து கலெக்டர் ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து நகராட்சிக்கு வந்து சேர்ந்திருந்தது. நகராட்சி அலுவலகம் எங்கே இருக்கிறது தெரியுமா? பள்ளிவாசலுக்கு இரண்டாவது தெருவில்!

இது ஏதோ ஓர் ஊரின் அறியாமை என்று ஒதுக்கிவிட முடியவில்லை சகோதரர்களே. நம் கூட்டங்களில் நிறைவேறும் தீர்மானங்களைப் புரட்டிப் பாருங்கள். ரேஷன் கடைக்கு மத்திய அமைச்சரைக் கண்டிக்கிறோம். பாஸ்போர்ட் தாமதத்துக்கு முதலமைச்சரைக் கண்டிக்கிறோம். போலீஸ் ஒரு பையனைப் பிடித்துக்கொண்டு போனால் எம்.பி. வீட்டு வாசலில் நிற்கிறோம். கோபம் நியாயமானது. ஆனால் போய்ச் சேருகிற முகவரி தவறாக இருக்கிறது.

நம் நாட்டு அரசியல் சட்டத்தின் முதல் பிரிவு, இந்தியாவை "மாநிலங்களின் ஒன்றியம்" என்கிறது. 'கூட்டாட்சி' என்ற சொல் அதில் இல்லை. மாநிலங்கள் தமக்குள் ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்த நாடு அல்ல இது, எனவே எந்த மாநிலத்துக்கும் பிரிந்து போகும் உரிமையும் இல்லை என்று அரசியல் நிர்ணய சபையில் டாக்டர் அம்பேத்கர் அப்போதே விளக்கிவிட்டார். அமெரிக்காவில் மத்திய அரசுக்கு இன்னின்ன அதிகாரம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு மிச்சத்தையெல்லாம் மாநிலங்களிடமும் மக்களிடமும் விட்டார்கள். இங்கே தலைகீழ். எந்தப் பட்டியலிலும் இல்லாத மிச்ச அதிகாரம் மத்திய அரசுக்கு! பெயர் சொல்லாவிட்டாலும் அமைப்பு கூட்டாட்சிதான். ஆனால் தராசின் ஒரு தட்டு ஆரம்பத்திலேயே தாழ்ந்திருக்கிறது.

ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. ராணுவம், வெளியுறவு, ரயில்வே, நாணயம், சுங்கம், பாஸ்போர்ட் ஆகியவை மத்தியப் பட்டியல். சட்டம் ஒழுங்கு, போலீஸ், ஆஸ்பத்திரி, நிலம், சந்தை, உள்ளாட்சி ஆகியவை மாநிலப் பட்டியல். இருவரும் சட்டம் போடக்கூடியது பொதுப் பட்டியல். இதை எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்திருக்கிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நாகூருக்கோ வேளாங்கண்ணிக்கோ பழனிக்கோ போகும் பயணம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஹஜ் பயணம், வெளிநாட்டுப் புனிதப் பயணம் என்பதால், மத்தியப் பட்டியலில் இருக்கிறது. அடக்கஸ்தலம்? மாநிலப் பட்டியலில் 10ஆவது இனம். 1992ஆம் ஆண்டின் 74ஆவது திருத்தத்துக்குப் பிறகு நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளின் பட்டியலிலும் அது வந்துவிட்டது. இதைத் தெரிந்திருந்தால் அந்த முத்தவல்லிக்கு ஏழு மாதம் மிச்சமாகியிருக்கும்.

கடை வைத்திருக்கும் சகோதரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விற்பனை வரி முன்பு மாநில விவகாரம். வணிகர் சங்கம் கோட்டைக்குப் போய் அமைச்சரைப் பார்த்து, ஒரு பொருளுக்கு வரியைக் குறைத்துக்கொண்டு வர முடிந்தது. 2016இல் 101ஆவது திருத்தம் வந்து, 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்ததும் அந்த வாசல் அடைபட்டது. இப்போது வரி விகிதம் பேசப்படுவது ஜி.எஸ்.டி. கவுன்சிலில். அங்கே ஓட்டுக்கு எடை உண்டு. மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. முடிவெடுக்க நான்கில் மூன்று பங்கு வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நாட்டின் அத்தனை மாநிலங்களும் ஒரே குரலில் கேட்டாலும் 66 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல்தான் வரும், 75 வராது! டெல்லி தலையசைக்காமல் ஒன்றும் நடக்காது. கவுன்சிலின் பரிந்துரைகள் யாரையும் கட்டுப்படுத்தாது என்று 2022 மே மாதம் உச்சநீதிமன்றம் சொன்னது உண்மை. நடைமுறையில் எந்த மாநிலம் தனி வழி போகத் துணியும்? எனவே வரிக் கோரிக்கையை நம் மாநில நிதியமைச்சரிடம் கொடுங்கள், அவர் கவுன்சில் உறுப்பினர். அதே கோரிக்கையை மற்ற மாநில வணிகர்களும் அவரவர் அமைச்சரிடம் கொடுத்தால்தான் அதற்குக் கனம் உண்டாகும்.

பொதுப் பட்டியல்தான் நம் சமுதாயத்துக்கு மிகவும் நெருக்கமானது. திருமணம், தலாக், வாரிசுரிமை எல்லாம் அதில் 5ஆவது இனம். அறக்கட்டளையும் சமய அறநிலையங்களும் 28ஆவது இனம். வக்ஃபு அதில் அடங்கும். கல்வி மாநிலப் பட்டியலில்தான் இருந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் 1976இல் 42ஆவது திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. பொதுப் பட்டியலில் மத்திய சட்டமும் மாநில சட்டமும் மோதினால் மத்திய சட்டமே செல்லும். மாநில சட்டம் ஜனாதிபதியின் ஒப்புதலைப் பெற்றிருந்தால் அந்த மாநிலத்தில் மட்டும் அது நிற்கும். ஜல்லிக்கட்டு சட்டத்துக்கு 2017இல் அந்த ஒப்புதல் கிடைத்தது. நீட் விலக்கு மசோதாவுக்குக் கிடைக்கவில்லை. நிராகரிக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சரே சட்டமன்றத்தில் அறிவித்தார்.

ஷரீஅத் சட்டம் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் டெல்லியை மட்டுமே பார்க்கிறார்கள். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் பொது சிவில் சட்டம் பற்றிய பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, எந்தச் சமூகத்தின் தனியார் சட்டத்தையும் கைவிடுமாறு கட்டாயப்படுத்தக் கூடாது என்று திருத்தம் கொண்டுவந்தவர் சென்னையிலிருந்து சென்ற கண்ணியத்திற்குரிய முஹம்மது இஸ்மாயில் சாகிப். திருத்தம் ஏற்கப்படவில்லை. அந்தப் பிரிவு 44ஆவது பிரிவாக, வழிகாட்டும் நெறிகளில் இடம்பெற்றது. டெல்லிதான் அதை ஒரு நாள் கையில் எடுக்கும் என்று பல்லாண்டு பயந்துகொண்டிருந்தோம். வந்ததோ வேறு வாசல் வழியாக! உத்தராகண்ட் மாநிலம் 2024இல் சொந்தமாகச் சட்டம் போட்டு 2025 ஜனவரியில் அமலுக்குக் கொண்டுவந்துவிட்டது. பொதுப் பட்டியலில் இருப்பதால்தான் ஒரு மாநிலத்தால் அதைச் செய்ய முடிந்தது. சட்டமன்றத் தேர்தலில் 'இது லோக்கல் விவகாரம்' என்று சொல்லிப் படுத்துத் தூங்குகிற இளைஞர்கள் இதை யோசிக்கட்டும்.

தீர்மானம் வேறு, சட்டம் வேறு என்பதையும் சொல்லியாக வேண்டும். வக்ஃபு திருத்த மசோதாவைத் திரும்பப் பெறக் கோரி 2025 மார்ச் மாதம் தமிழக சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. நாம் இனிப்பு வழங்கினோம். அடுத்த மாதமே நாடாளுமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. தீர்மானம் ஒரு மாநிலத்தின் குரல். அதற்கு மதிப்புண்டு, ஆனால் நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்தும் சக்தி கிடையாது. அதன் பிறகு பாதை நீதிமன்றத்துக்குத்தான் போனது. செப்டம்பர் 15 அன்று உச்சநீதிமன்றம் சட்டம் முழுவதையும் நிறுத்த மறுத்து, சில பிரிவுகளுக்கு மட்டும் இடைக்காலத் தடை கொடுத்தது.

சட்டமன்றம், நிர்வாகம், நீதிமன்றம் என்ற மூன்று கிளைகளும் ஒன்றையொன்று எப்படி இழுத்துப் பிடிக்கின்றன என்பதற்குத் தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டை விட நல்ல பாடம் கிடையாது. 1992 நவம்பரில் மண்டல் வழக்கில் உச்சநீதிமன்றம், இடஒதுக்கீடு பொதுவாக 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. தமிழ்நாட்டில் இருந்ததோ 69. சட்டமன்றம் 1993 இறுதியில் தனிச் சட்டம் இயற்றியது. கட்சி பேதமின்றி எல்லோரும் நின்றார்கள். 1994 ஜூலையில் ஜனாதிபதி ஒப்புதல் கொடுத்தார். ஆகஸ்டில் நாடாளுமன்றம் 76ஆவது திருத்தத்தின் மூலம் அந்தச் சட்டத்தை ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்துப் பாதுகாப்புக் கொடுத்தது. நீதிமன்றம் போட்ட முடிச்சை மாநில சட்டமன்றமும் மத்திய அரசும் நாடாளுமன்றமும் சேர்ந்து தளர்த்தின. கதை அதோடு முடியவில்லை. அந்த அட்டவணையில் 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு சேர்த்த சட்டங்களையும் ஆராயலாம் என்று 2007 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அதே 2007இல் பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவீதத்துக்குள் முஸ்லிம்களுக்கு மூன்றரை சதவீதம் தனியாகக் கிடைத்தது. பொறியியல் கல்லூரியில் சீட் வாங்கிய நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்த வரலாறு தெரியும்?

மாநில ஆட்சியை 356ஆவது பிரிவைக் காட்டிக் கலைப்பதும் இப்படித்தான். தமிழ்நாட்டில் 1976, 1980, 1991 ஆண்டுகளில் ஆட்சிகள் கலைந்தன. 1994 மார்ச்சில் பொம்மை வழக்கின் தீர்ப்பு வந்தது. பெரும்பான்மை இருக்கிறதா என்பதைச் சபையில்தான் சோதிக்க வேண்டும், கலைப்பு உத்தரவையும் நீதிமன்றம் ஆராயும் என்றார்கள். பாபர் மஸ்ஜித் இடிப்புக்குப் பிறகு மூன்று மாநில அரசுகளைக் கலைத்தது சரியே என்றும் அதே தீர்ப்பு சொன்னது. மதச்சார்பின்மை இந்தச் சட்டத்தின் அடிப்படை என்பதே அதற்குச் சொன்ன காரணம். கவர்னர் மசோதாக்களைக் கிடப்பில் போட்ட வழக்கில் 2025 ஏப்ரலில் தமிழ்நாடு வென்றது. நவம்பரில் ஜனாதிபதி கேட்ட விளக்கத்துக்குப் பதில் சொன்ன ஐவர் அமர்வு, காலக்கெடு விதிக்க முடியாது என்றது. காரணமில்லாமல் காலவரையின்றி முடக்கினால் மட்டும் நீதிமன்றம் ஓரளவு தலையிடலாம் என்றது. அந்தக் கயிறு இன்னும் இழுபடுகிறது.

கடைசியாக, போலீஸ். இது மாநிலப் பட்டியல். நம் மாவட்டத்துப் போலீசுக்குப் பதில் சொல்ல வேண்டியது மாநில அரசு. சி.பி.ஐ. ஒரு மாநிலத்தில் விசாரிக்க அந்த மாநிலத்தின் சம்மதம் வேண்டும். தமிழ்நாடு தன் பொதுச் சம்மதத்தை 2023 ஜூனில் விலக்கிக்கொண்டது. ஆனால் 2008ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த என்.ஐ.ஏ.வுக்கு அந்தச் சம்மதம் தேவையில்லை. வந்திருப்பது எந்தப் படை என்று முதலில் கேளுங்கள். யாராக இருந்தாலும், கைது செய்தவரை, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது 22ஆவது பிரிவு. தடுப்புக் காவலுக்கு மட்டும் அது பொருந்தாது. தடா காலத்தில் இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் எத்தனை தாய்மார்கள் ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்தார்கள்! 1995இல் தடா காலாவதியானது. அலைச்சல் நிற்கவில்லை. எம்.எல்.ஏ.வைப் பார்ப்பதில் தவறில்லை. அதற்கு முன் ஒரு வக்கீலைப் பார்த்து, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போடுங்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாவிட்டால் உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. ஒவ்வொரு கிளையும் இரண்டு வக்கீல்களின் டெலிபோன் நம்பரை அலுவலகச் சுவரில் எழுதி வைக்க வேண்டும் என்று மாவட்டக் கூட்டத்தில் கேட்டேன். எழுதிய கிளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அந்தச் சுவர் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். வார்டு கவுன்சிலரை அழைத்துக்கொண்டு நகராட்சி கமிஷனரிடம் புது மனு கொடுத்தார்கள், நகல் ஒன்று வக்ஃபு வாரியத்துக்கு. வாய்க்காலைத் தூர் வாரிவிட்டார்கள். சுவருக்கு அளவெடுத்துப் போயிருக்கிறார்கள். எஸ்டிமேட் தயாரானதும் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்களாம். இந்த முறை முத்தவல்லி நடந்தே போய் வருகிறார்.