கரண்ட் பில்லும் காலி செய்த வீடும்

ஏப்ரல், மே மாதம் வந்தால் சிதம்பரத்தில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். அண்ணாமலை நகரைச் சுற்றி அறை எடுத்துத் தங்கிய மாணவர்கள் பரீட்சை முடிந்த கையோடு பெட்டி படுக்கையைக் கட்டுவார்கள். சாவி ஒரு கை மாறும், அட்வான்ஸ் இன்னொரு கை மாறும். சில நாள் கழித்து இ.பி. ஆள் வந்து ரீடிங் எடுப்பார். தொகையைப் பார்த்து வீட்டுக்காரருக்குத் தலை சுற்றும். போன் போட்டால் 'ஸ்விட்ச் ஆஃப்'!

கடலூர் மஞ்சக்குப்பத்திலும் இதே கதைதான். அங்கே மாணவர்களுக்குப் பதில் மாற்றலாகிப் போகும் குடும்பங்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

யார் மேல் தப்பு? "ஏமாத்திட்டுப் போயிட்டான்" என்பார் வீட்டுக்காரர். "பில்லே வரலையே, எதைக் கட்டுறது?" என்பார் குடியிருந்தவர். இரண்டிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. வாடகைக்குக் கணக்கு மாதம் ஒரு முறை. கரண்டுக்கோ இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. மார்ச் 10-ல் ரீடிங் எடுத்த வீட்டை ஏப்ரல் 25-ல் காலி செய்தால், ஒன்றரை மாத கரண்ட் பில்லில் ஏறாமலே நிற்கும். கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. 'கொடுபட வேண்டிய செலவு' என்பது இதுதான். பில் வரவில்லை என்பதற்காகச் செலவு இல்லாமல் போய்விடாது.

இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருப்பதால் மின்வாரியம் அவரைத்தான் கேட்கும். கட்டாவிட்டால் ஃபியூஸ் பிடுங்கப்படுவது அந்த வீட்டுக்குத்தான். பாதிக்கப்படுவது பழைய ஆள் அல்ல, புதிதாகக் குடிவந்த அப்பாவி! ஓய்வுபெற்ற பிறகு வாடகையை நம்பியே வாழ்கிறவர்களுக்கு இரண்டாயிரம் ரூபாய் பாக்கி என்பது ஒரு மாத மருந்துச் செலவு.

அதற்காகச் சில வீட்டுக்காரர்கள் செய்வதும் சரியில்லை. பாக்கி வைத்தவர் வீட்டில் இருக்கும்போதே மெயினை அணைப்பது, தண்ணீரை நிறுத்துவது, ஐந்நூறு ரூபாய் பாக்கிக்கு முழு அட்வான்ஸையும் விழுங்குவது... இதெல்லாம் எந்த ஊர் நியாயம்?

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் (2017-ல் இயற்றப்பட்டது) இதற்கு இடம் தரவில்லை. மின்சாரம், தண்ணீர் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. அட்வான்ஸ் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. அதே சட்டம் வீட்டுக்காரரையும் கைவிடவில்லை. குடியிருந்தவர் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு மீதி அட்வான்ஸைத் தந்தால் போதும். ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்ப் பேச்சில் வீடு விட்டுவிட்டுச் சட்டத்தைத் தேடினால் என்ன கிடைக்கும்?

இதற்கு வக்கீல் வேண்டாம், ஐந்து நிமிடம் போதும். குடிவரும் நாளிலும் காலி செய்யும் நாளிலும் இரண்டு பேரும் சேர்ந்து மீட்டரைப் பார்க்க வேண்டும். எண்ணைக் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. கடைசி ரீடிங்கிலிருந்து ஓடிய யூனிட்டுக்குப் பணத்தை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம். இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் போகிறவருக்கும் பங்கு உண்டு. அதையும் சேர்த்துக் கணக்குப் போடுவதுதான் நேர்மை.

போகிற அன்று கணக்கு கேட்டால் மரியாதைக் குறைவு என்று இரு தரப்பும் கூச்சப்படுகிறது. அந்தக் கூச்சம்தான் பிறகு வசவாக மாறுகிறது. சிதம்பரத்தில் வீடு தேடி அலையும் அடுத்த வருட மாணவர்களுக்கு "பேச்சுலர்களுக்கு வீடு இல்லை" என்ற பதில் கிடைக்கிறதே, அதற்குப் பின்னால் யாரோ கட்டாமல் போன ஒரு பில்லும் இருக்கலாம்.

மீட்டர் பொய் சொல்லாது. அதைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுங்கள், நண்பர்களே!