சலுகைப் பேச்சு வேண்டாம்: எல்லையோரத் தமிழ்க் குழந்தையின் ஆட்டிசமும் பள்ளியின் மொழியும்

ஆட்டிசம் உள்ள குழந்தைக்காகப் பள்ளியிடம் "பேசிப் பார்ப்பது" பெற்றோரின் பொறுப்பு என்னும் எண்ணம் கேரளத்தின் தமிழ் எல்லையோரங்களில் ஆழமாக ஊன்றியிருக்கிறது. கொழிஞ்சாம்பாறையிலும் வடகரப்பதியிலும் உழவுக் கூலி வீட்டுத் தகப்பனும், மூணாற்றுத் தேயிலைத் தோட்ட லயத்துத் தாயும் தலைமையாசிரியர் அறைக்குள் தாழ்ந்த குரலில்தான் நுழைகிறார்கள். "கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் சார்" என்பதே அவர்களுடைய மனுவின் தொடக்கமும் முடிவும். 2015இல் ஊதியத்திற்கும் போனசுக்கும் தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவிட்டுச் சாலையில் அமர்ந்து நிர்வாகத்தைப் பணியவைத்த 'பெண்பிள்ளை ஒருமை'யின் ஊர் அது. அங்கேயும் பள்ளி வாசலில் கை கூப்ப வேண்டியிருக்கிறது என்றால், கோளாறு பெற்றோரின் துணிவில் இல்லை.

1995ஆம் ஆண்டின் சட்டம் கணக்கில் எடுத்த ஏழு குறைபாடுகளில் ஆட்டிசம் கிடையாது. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைப் பெயர் சொல்லி ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 வகைகளுள் ஒன்றாக்கியது. அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற ஒவ்வொரு பள்ளியும் தனி மாணவரின் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளைச் செய்து தர வேண்டும் என்கிறது. 31ஆம் பிரிவு, சட்டம் வரையறுத்த அளவு குறைபாடுள்ள குழந்தைக்கு 6 வயது முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வியை உறுதிசெய்கிறது. (தோட்டத்து லயத்திலிருந்து பார்த்தால் "விரும்பும்" என்னும் சொல் சற்றே வேடிக்கையானது.) ஆக, பேரம் பேச அங்கே ஒன்றுமில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுக்கும் கடமைதான் இருக்கிறது.

ஆனால் அதே 16ஆம் பிரிவில் ஓர் இடைவெளி உண்டு. மிகப் பொருத்தமான மொழியிலும் தொடர்பு முறையிலும் கல்வி தரப்பட வேண்டும் என்று அது வெளிப்படையாகச் சொல்வது பார்வையற்றோர், செவித்திறன் அற்றோர் ஆகியோருக்கு மட்டுமே. தொடர்பாடலையே அடிப்படைச் சிக்கலாகக் கொண்ட ஆட்டிசக் குழந்தை அந்த வரியில் இடம்பெறவில்லை. மொழிச் சிறுபான்மையினர் வாழும் எல்லையில் இந்த விடுபாட்டின் விலை மிகுதி.

"தமிழும் மலையாளமும் ஒன்றுக்கொன்று புரியும் மொழிகள்தாமே, இதில் என்ன பெரிய சிக்கல்?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். பிற குழந்தைகளுக்கு அது உண்மை. எல்லையோரத்துப் பிள்ளைகள் இரு மொழிகளுக்கிடையே அணில்போலத் தாவுவார்கள். சொல்லை அதன் நேர்ப்பொருளில் மட்டுமே பற்றிக்கொள்ளும் குழந்தைக்கு இந்த நெருக்கமே பொறி. மலையாளத்தில் 'வெள்ளம்' குடிநீர்; தமிழில் அது ஊரை அடித்துச் செல்வது. உடல் நோவைத் தமிழ்க் குழந்தை 'வலிக்குது' என்று சொல்கிறது. மலையாளத்தில் 'வலிக்குக' என்றால் இழுத்தல். நோவைச் சொல்லவே அரும்பாடு படும் குழந்தையின் ஒற்றைச் சொல் இப்படித் திசைமாறிப் போகலாம்.

இதைவிட நுட்பமானது வினைமுற்றின் செய்தி. கேட்ட தொடரை அப்படியே திருப்பிச் சொல்லுதல், 'நான்' என்பதற்கு 'நீ' என்று கூறுதல் ஆகியவற்றை லியோ கானர் 1943ஆம் ஆண்டின் கட்டுரையிலேயே பதிவு செய்தார். தமிழில் 'நான்', 'நீ' என்பவை தனிச்சொல்லாக வரவேண்டிய தேவையில்லை. வினையின் ஈறே ஆளைச் சொல்லிவிடும். மலையாள வினையில் அந்த ஈறு இல்லை. பசித்த தமிழ்க் குழந்தையொன்று ஆசிரியையிடம் சென்று "சாப்பிடுறியா?" என்று கேட்பதாகக் கொள்ளலாம். நாள்தோறும் தாய் கேட்கும் கேள்வியை அது தன் வேண்டுகோளாக்கியிருக்கிறது. வீட்டில் உடனே சோறு வரும். வகுப்பில் ஆசிரியை சிரித்து, "நான் சாப்பிட்டாயிற்று" என்று நகர்ந்துவிட்டால், அடுத்த பத்து நிமிடத்தில் எழும் அலறல் 'நடத்தைப் பிரச்சினை' என்று ஏட்டில் ஏறும். அந்த ஆசிரியை நல்லவராகவே இருக்கலாம். அவருக்கு வாய்க்காதது அந்தக் குழந்தையின் தமிழ் மட்டுமே.

மதிப்பீட்டு அறையில் விளைவு இன்னும் கடுமையாகும். சான்றிதழுக்குப் பயன்படும் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை புள்ளி. பொருளற்ற சொற்களைப் பேசுகிறதா, சொன்னதைத் திருப்பிச் சொல்கிறதா, உரையாடலைத் தொடர்கிறதா என்பனவெல்லாம் காதால் கேட்டு எடைபோடப்படுபவை. வட்டவடைத் தமிழையோ எருத்தேம்பதித் தமிழையோ அறியாத காதுக்குப் பொருளுள்ள சொல்லும் பொருளற்றதாக ஒலிக்கும். இத்துறையில் பெயர்பெற்ற அரசு சார் நிறுவனமான ஐகான்ஸ் பாலக்காடு மாவட்டத்திலேயே ஷொர்ணூரில் இருக்கிறது. ஆனால் அது மாவட்டத்தின் மேற்குக் கோடி. தமிழர் செறிந்த சிற்றூர் வட்டம் கிழக்குக் கோடி. தேவிகுளத்துத் தாய்க்கோ எந்த நகரப் பயணமும் ஒரு நாள் கூலியின் இழப்பு.

பிறகு வருகிறது அந்த அறிவுரை: "வீட்டில் தமிழை நிறுத்துங்கள், ஒரே மொழி போதும்." இரு மொழிச் சூழல் ஆட்டிசக் குழந்தையின் மொழி வளர்ச்சியைக் கெடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. அறிவியலின் தொனியில் சொல்லப்படும் இந்த யோசனை, பாட்டியும் தாயும் பேசும் ஒரே மொழியைக் குழந்தையிடமிருந்து பறிக்கிறது. தாலாட்டு மொழியை விடுத்துத் தனக்கே தடுமாற்றமான மொழியில் தாய் தன் பிள்ளையிடம் பேசவேண்டும் என்பதைச் சிகிச்சை என்று அழைப்பது கொடுமை.

இரு தரப்பு அறிவாளர்களுக்கும் இதில் பங்குண்டு. எல்லைத் தமிழர் உரிமை பேசுவோருக்குப் பெயர்ப்பலகை தெரிகிறது, பாடநூல் தெரிகிறது. 2017ஆம் ஆண்டின் சட்டம் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கியது நினைவிருக்கிறது. பேசாத குழந்தை அவர்களுடைய அறிக்கையில் வருவதில்லை. உள்ளடக்கிய கல்வி பற்றிக் கட்டுரை எழுதுவோருக்குச் சாய்தளம் தெரிகிறது, தனி ஆசிரியர் தெரிகிறார்; அந்த ஆசிரியரின் மொழி தெரிவதில்லை. காசர்கோட்டுக் கன்னட வழிப் பள்ளிகளில் கன்னடம் அறியாத ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டபோது மாணவர்கள் வெளியே வந்து முழக்கமிட்டார்கள். ஆட்டிசக் குழந்தை முழக்கமிடாது.

ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021இல், தொடக்க நிலையில் இத்தகைய 10 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் எனச் சிறப்பு ஆசிரியர் விகிதத்தை வகுத்தது. கேரளத்தில் இப்பணியைப் பெரிதும் சுமப்போர் சமக்ர சிக்ஷா திட்டத்தின் ஒப்பந்த ஆசிரியர்கள். பல பள்ளிகளுக்கிடையே ஓடுபவர்கள். அவர்களைக் குறைசொல்ல இங்கு எதுவுமில்லை. சிற்றூர், தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீர்மேடு வட்டங்களில் அவர்களுள் எத்தனை பேர் தமிழில் ஒரு குழந்தையைக் கேட்டறிய வல்லவர் என்ற கணக்கை அரசு வெளியிட வேண்டும். நியமன விதியில் மொழித் தகுதி சேர வேண்டும். தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதியைக் கோரும் அரசமைப்பின் 350ஏ உறுப்பு, சிறப்புக் கல்வியை விலக்கி வைக்கவில்லை.

பெற்றோர் கையில் இப்போதே ஒரு கருவி இருக்கிறது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளின் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதவும், தமிழிலேயே பதில் பெறவும் வழி செய்கிறது. வாய்ச்சொல்லாகக் கரைந்துபோகும் "பார்த்துக்கொள்ளுங்கள் சார்" தேதியிட்ட தமிழ் மனுவாக மாறினால், பதிலும் ஏட்டில் நிற்கும். தனிநபர் கல்வித் திட்டத் தாளில் தாய் கையொப்பமிடும்போது, அதில் உள்ளதை அவர் படிக்க முடிய வேண்டும்.

சிற்றூர் அரசுக் கல்லூரியிலும் காரியவட்டத்திலும் தமிழ்த் துறைகள் இருக்கின்றன. எல்லையோர வட்டார வழக்குகளில் குழந்தைகள் நோவுக்கும் பசிக்கும் அச்சத்துக்கும் சொல்வன என்னென்ன என்று சிறப்பு ஆசிரியர்களுக்காக ஒரு சிறு கையேடு தொகுக்க ஒரு பருவத்தின் களப்பணி போதும். முதல் பக்கத்தில் 'வலி' இருக்கட்டும், இரண்டாவதாக 'வெள்ளம்'.