பொருள் உணர்ந்து பயில்வோம்

தமிழில் ‘பொருள்’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் உண்டு. ஒரு சொல் உணர்த்தும் கருத்து என்றும் பொருள் உண்டு. செல்வத்தையும் கருத்தையும் ஒரே சொல்லால் குறித்த மொழிக்கு உரியவர்கள் நாம். ஆயினும் பொருளைப் பற்றிய கல்வியாகிய பொருளியலை, அதன் பொருள் உணராமலே பயின்று பட்டம் பெறும் மாணவர் தொகை நம்மிடையே சிறிதன்று. இந்நிலை மிகுதியாகப் புலப்படும் இடம், பட்டப்படிப்பில் நுண்பொருளியலின் இரண்டாம் நிலைப் பாடமாகும். அதனை எவ்வாறு பயில்வது, எவ்வாறு பயிற்றுவது என்பது பற்றி ஈண்டுச் சில கருத்துகளை முன்வைக்க விழைகின்றோம். தமிழ்த்துறை மலரில் இதற்கென்ன இடம் என்று சிலர் வினவலாம். இது மொழியோடும் பிணைந்த சிக்கல் என்பதே நம் விடை.

முதல் நிலையும் இரண்டாம் நிலையும்

விலை ஏறினால் தேவை குறையும் என்பது முதல் நிலைப் பாடம். இதனை அறிய எவரும் கல்லூரிக்கு வரவேண்டியதில்லை. காய்கறிச் சந்தைக்குச் சென்று வரும் எவரும் அறிவர். ஏன் குறைகிறது, எவ்வளவு குறைகிறது, குறையாமற் போகும் நிலையும் உண்டா என்று வினவுவதே இரண்டாம் நிலைப் பாடம். முன்னது செய்தி, பின்னது ஆராய்ச்சி.

ஆல்பிரட் மார்ஷல் 1890 இல் வெளியிட்ட பொருளியல் நூலில், நுகர்வோர் அடையும் பயன்பாட்டை அவர் தர முன்வரும் பணத்தைக் கொண்டு அளக்கலாம் என்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டார். மன நிறைவை எண்ணால் அளப்பது எங்ஙனம் என்ற ஐயம் எழுந்தது. எட்ஜ்வொர்த் 1881 இலேயே வரைந்து காட்டியிருந்த சமநோக்கு வளைகோட்டைப் பரேட்டோ எடுத்தாண்டார். 1934 இல் ஹிக்ஸ், ஆலன் ஆகிய இருவரும் அதனை முழுமையான கோட்பாடாக அமைத்தனர். ஒருவர் மாம்பழத்தால் பத்து அலகு இன்பம் பெறுகிறார் என்று சொல்ல வேண்டுவதில்லை; மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் வைத்து எது வேண்டும் என்று கேட்டால் அவர் தேர்ந்தெடுக்கக் கூடும் என்பதே போதும் என்று காட்டினர். விலை மாற்றத்தின் விளைவைப் பதிலீட்டு விளைவு, வருமான விளைவு என இரண்டாகப் பகுத்துக் காட்டும் முறையை உருசிய நாட்டு அறிஞர் ஸ்லட்ஸ்கி 1915 இலேயே ஓர் இத்தாலிய இதழில் எழுதியிருந்தார். உலகப் போர்க் காலமாதலின் அக்கட்டுரை நெடுநாள் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

இவ்வாறு ஐயமும் விடையும் மறு ஐயமுமாக வளர்ந்த ஒரு துறையை, ஐயமே எழாத வண்ணம் நாம் பயில்கின்றோம் என்பதுதான் வருந்தத்தக்கது. கேள்விக்கு இத்தனை மதிப்பெண், படத்திற்கு இத்தனை மதிப்பெண் என்று கணக்கிட்டு, குவிந்த கோடு ஒன்றும் நேர்கோடு ஒன்றும் தொடும் புள்ளிக்கு ‘E’ என்று பெயரிட்டு முடித்துவிடுகின்றோம். அக்கோடு ஏன் அங்கே தொடவேண்டும், வெட்டினால் என்ன குறை என்று கேட்டால் மௌனமே விடையாகிறது. உண்மையில் அப்புள்ளி கூறும் செய்தி மிக எளியது. ஒரு பண்டத்தில் சிறிதளவை விட்டு மற்றொன்றைப் பெறுவதற்கு நுகர்வோர் மனத்தளவில் இசையும் வீதமும், சந்தை விலைகள் இடும் வீதமும் ஒன்றாகும் இடமே அது. இரண்டும் வேறுபட்டிருந்தால் அவர் தம் செலவை மாற்றியமைத்து இன்னும் நிறைவடைய வழியுண்டு. இதனைப் படமின்றிச் சொல்ல இயலாத மாணவர் படத்தையும் உணர்ந்தவர் ஆகார்.

விலையில்லா அரிசி கற்பிக்கும் பாடம்

தேர்வுத்தாளில் ‘X’ பண்டம், ‘Y’ பண்டம் என்று எழுதுவதோடு நில்லாமல், நம் தெருவிலுள்ள நியாயவிலைக் கடையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2011 சூன் திங்கள் முதல் அரிசி பெறும் குடும்ப அட்டைகளுக்கு அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. அரிசியாகத் தருவது நன்றா, அதற்கீடான பணமாகத் தருவது நன்றா என்பது மேடைதோறும் பேசப்படும் பொருள். இரண்டாம் நிலைப் பாடம் பயின்ற மாணவர் இவ்வழக்கை எவ்வாறு அணுகவேண்டும்?

ஒரு குடும்பம் திங்கள்தோறும் செலவிடத்தக்க தொகை 4,000 ரூபாய் என்றும், சந்தையில் அரிசி கிலோ 40 ரூபாய் என்றும், விலையின்றிக் கிடைப்பது 20 கிலோ என்றும் வைத்துக்கொள்வோம். அக்குடும்பத்திற்கு 30 கிலோ அரிசி தேவை எனின், 10 கிலோவை 400 ரூபாய்க்கு வாங்குவர். பிற பண்டங்களுக்கு 3,600 ரூபாய் எஞ்சும். அரிசிக்கு மாற்றாக 800 ரூபாய் பணமாகக் கொடுத்தால் கையிருப்பு 4,800. அரிசிக்கு 1,200 போக எஞ்சுவது அதே 3,600. ஆக, இக்குடும்பத்திற்கு அரிசியும் பணமும் ஒன்றே.

மற்றொரு குடும்பத்திற்கு 8 கிலோவே போதும் என்போம். அரிசியாகப் பெற்றால், விற்பதற்கும் வழியில்லை எனின், பிற பண்டங்களுக்கு 4,000 ரூபாய்தான். 12 கிலோ அரிசி மிகையாய்க் கிடக்கும். பணமாகப் பெற்றிருந்தால் அரிசிக்கு 320 ரூபாய் போகப் பிறவற்றுக்கு 4,480 ரூபாய் இருக்கும். வேறுபாடு 480 ரூபாய். அதாவது வேண்டாத 12 கிலோவின் விலை. வரவு செலவுக் கோடு 20 கிலோ அளவில் முறிந்து நிற்பதாகப் பாடநூலில் வரையப்படும் படம் இவ்விரு குடும்பங்களின் கதையன்றி வேறன்று.

இத்துடன் பணமே சிறந்தது என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. இக்கணக்கில் நாம் எடுத்துக்கொண்டவை எவை என்று திரும்பிப் பார்த்தல் வேண்டும். கடை அரிசியும் சந்தை அரிசியும் ஒரே தரம் என்று கொண்டோம். அரிசி விலை மாறாது என்று கொண்டோம். விலை 60 ரூபாய் ஆயின், 800 ரூபாய் பெற்றவர் 20 கிலோ வாங்க இயலாது. அரிசி பெற்றவர்க்குக் குறைவில்லை. குடும்பம் முழுவதும் ஒரே மனத்தோடு செலவிடுகிறது என்றும் கொண்டோம். அரிசி அடுப்புக்குப் போகும். பணம் யார் கைக்குப் போகும் என்பதைத் தாய்மார்களிடம் கேட்டறிதல் வேண்டும். கோட்பாடு தீர்ப்பு வழங்குவதில்லை. எந்தெந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் தீர்ப்பு வழங்கலாம் என்று வரிசைப்படுத்தித் தருகிறது. அதுவே இப்பாடத்தின் பயன்.

கோட்பாடும் களமும்

விலை ஏறும்போது தேவையும் ஏறக்கூடிய பண்டம் ஒன்று உண்டு என்று, கிஃபன் என்பார் பெயரைச் சுட்டி, மார்ஷல் தம் நூலின் 1895 ஆம் ஆண்டுப் பதிப்பில் குறித்தார். மிக வறியவர் தம் உணவுக்குப் பெரிதும் நம்பியிருக்கும் மலிவான தானியத்தின் விலை ஏறினால், அவர்தம் உண்மை வருமானம் சுருங்கி, இறைச்சி முதலியவற்றைக் கைவிட்டு அத்தானியத்தையே மேலும் வாங்குவர் என்பது கருத்து. நூறாண்டுக்கு மேலாக இது பாடநூலின் விந்தையாகவே இருந்தது. 2008 இல் ஜென்சன், மில்லர் என்னும் இருவர் சீனத்தின் ஹூனான் மாநிலத்தில் வறிய குடும்பங்களுக்கு அரிசி விலையில் சலுகை அளித்து ஆராய்ந்த முடிவுகளை வெளியிட்டனர். அரிசி மலிந்தபோது அக்குடும்பங்கள் அரிசியைக் குறைத்தே உண்டன என்று கண்டனர். மலிவாக்கினால் மிகுதியாக உண்பர் என்று எண்ணித் திட்டம் தீட்டுவோர் அறியவேண்டிய செய்தி அன்றோ இது?

நிறைவுப் போட்டிச் சந்தையில் ஒரு பண்டத்திற்கு ஒரே விலைதான் என்று படிக்கின்றோம். அதற்கு வாங்குவோரும் விற்போரும் எல்லாம் அறிந்திருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையையும் படிக்கின்றோம், படித்து மறக்கின்றோம். நமக்கு அண்மையிலுள்ள கேரளத்தின் வடபகுதிக் கடற்கரையில், ஒரு கரையில் மத்தி மீனை வாங்குவார் இன்றிக் கடலில் கொட்டிய அதே நாளில், சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள மற்றொரு கரையில் மீன் கிடைக்காமல் வாங்குவோர் திரும்பிச் சென்றதுண்டு. 1997 முதல் 2001 வரை அங்குக் கைப்பேசி வசதி படிப்படியாக வந்தது. மீனவர் கடலில் இருந்தபடியே கரைதோறும் விலை கேட்டறிந்தனர். மேற்கூறிய ஜென்சன் 2007 இல் வெளியிட்ட ஆய்வின்படி, கரைகளுக்கிடையே விலை வேறுபாடு வெகுவாகக் குறைந்தது. மீன் வீணாவது நின்றது. மீனவர் இலாபம் 8 விழுக்காடு உயர்ந்தது. நுகர்வோர் கொடுத்த விலை 4 விழுக்காடு குறைந்தது. விற்பவரும் வாங்குபவரும் ஒருசேரப் பயனடைந்தனர். ஒரு நிபந்தனை இல்லாதபோது என்ன நேரும், வந்தபோது என்ன நேரும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாதபோது சந்தையே சிதையக்கூடும் என்று அகெர்லாஃப் 1970 இல் எழுதிய கட்டுரை, 2001 இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொள்ளக் காரணமாயிற்று. பழைய கார்ச் சந்தையை முதன்மைச் சான்றாகக் கொண்ட அக்கட்டுரையில், அரிசியில் அதே நிறக் கற்களைக் கலந்து விற்பதால் இந்தியப் பெண்கள் அதனைப் பொறுக்கித் தூய்மை செய்ய நேர்வதையும் அவர் சான்றாகக் காட்டுகிறார். நம் இல்லங்களில் முறத்தோடு அமர்ந்த அன்னையரின் உழைப்பு உலகப் புகழ்பெற்ற கட்டுரையில் இடம்பெற்றிருப்பதை நம் மாணவரில் எத்துணைப் பேர் அறிவர்?

மொழியின் பொறுப்பு

1960 இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப்படிப்பு தொடங்கப்பெற்றது. தமிழ் வெளியீட்டுக் கழகமும் பின்னர்த் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும் கல்லூரிக்குரிய நூல்கள் பலவற்றைத் தமிழில் தந்தன. அப்பணி போற்றற்குரியது. எனினும் கலைச்சொல் கிடைத்தால் போதும், கருத்து தானே வந்து சேரும் என்று இருந்துவிட்டோமோ என எண்ண வேண்டியுள்ளது.

‘பயன்பாடு’ என்னும் கலைச்சொல்லைக் காண்க. வழக்கில் இது உபயோகத்தைக் குறிக்கும். எனவே உடலுக்குக் கேடான புகையிலைக்கும் ‘பயன்பாடு’ உண்டு என்று பொருளியல் கூறும்போது மாணவர் மயங்குகிறார். இங்கே சொல் குறிப்பது நன்மையை அன்று; நுகர்வோர் கருதும் நிறைவையே. ‘நெகிழ்ச்சி’ என்றால் உள்ளம் உருகுதல் என்பதே முன்வந்து நிற்கும். விலை மாற்றத்திற்குத் தேவை எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்ற அளவு என்பதை விளக்கியாக வேண்டும். ‘சமநோக்கு’ என்பதோ, இரு தொகுப்புகளையும் ஒப்ப நோக்குதல் என்னும் கருத்தை இனிதே உணர்த்தும் நற்சொல்லாக்கம். எச்சொல் உதவுகிறது, எச்சொல் இடறுகிறது என்று ஆராய்ந்து சொல்லுதல் தமிழ் பயின்றோர் கடமையன்றோ?

மேற்படிப்புக்கு எப்படியும் ஆங்கில நூல்களைத்தானே நாடவேண்டும், தமிழில் எதற்கு வீண் முயற்சி என்பர் சிலர். ஹால் வேரியனின் இடைநிலை நுண்பொருளியல் நூல் 1987 இல் வெளிவந்து பல பதிப்புகள் கண்டது. அது போன்ற நூல்களை மாணவர் படிக்கத்தான் வேண்டும். இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் தாய்மொழியில் தெளிந்த கருத்தை வேற்றுமொழியில் எழுதப் பழகுவது சில திங்கள் உழைப்பு. எம்மொழியிலும் தெளியாத கருத்தை எம்மொழியிலும் எழுத இயலாது. சிற்றூர்களிலிருந்து தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயில் மிதிக்கும் மாணவர், அறிவுக் குறைவால் பின்தங்குவதில்லை. சிந்தித்துப் பழகுவதற்குரிய இடம் அவர்தம் மொழியில் அமையாமையால் பின்தங்குகின்றனர். அவர்தம் எதிர்காலமே இங்குப் பணயமாக உள்ளது.

செய்யத்தக்கன

முதலாவதாக, ஒவ்வொரு தேர்வுத்தாளிலும் மாணவர் முன்பு கண்டிராத கணக்கு ஒன்றேனும் இடம்பெற வேண்டும். மனப்பாடத்தால் விடை காண இயலாத ஒரு வினா, ஆண்டு முழுவதும் பயிலும் முறையையே மாற்றிவிடும். இரண்டாவதாக, பொருளியல் துறையும் தமிழ்த்துறையும் கூடியமர்ந்து நியாயவிலைக் கடை, மீன் ஏலம், பேருந்துக் கட்டணம், வீட்டு வாடகை ஆகியவற்றிலிருந்து கணக்குகள் திரட்டி, எளிய தமிழில் பயிற்சி நூல் ஒன்றை ஆக்குதல் வேண்டும். மூன்றாவதாக, கிழமைக்கு ஒருமுறை மாணவர் ஒருவர் கரும்பலகையைத் தொடாமல் ஒரு வரைபடத்தின் கருத்தைத் தோழர்களுக்கு எடுத்துரைக்கப் பழகவேண்டும். கணிதத்திற்கு அஞ்சுவோர் எண்களை அட்டவணையிட்டுத் தொடங்கலாம். வகைநுண்கணிதம் பின்னர்க் கைவரும்.

இவற்றுக்குப் பெரும்பொருட் செலவோ அரசாணையோ தேவையில்லை. ஆசிரியரின் மனமும் மாணவரின் முயற்சியுமே வேண்டுவன. படத்தை வரைந்து மதிப்பெண் பெறுவதோடு அமையாது, அப்படத்துள் தம் வீட்டு அடுப்பையும் அண்டை வீட்டு வறுமையையும் காணும் தலைமுறை ஒன்று எழுதல் வேண்டும். பொருளியலைப் பொருள் உணர்ந்து பயில்வோம். பயின்றதைத் தமிழில் தெளிவுறச் சொல்வோம். அத்தெளிவு நாட்டின் திட்டங்களுக்கும் துணை நிற்கச் செய்வோமாக.